'அறிதலிலேயே தங்கு': விபாசனாவும் சாமாயிகமும் எங்கே பிரிகின்றன?

தென்றல்77

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாள் விபாசனா (உடல் உணர்வுகளைக் கவனிக்கும் பௌத்தத் தியானம்) முகாம் முடித்து வந்ததிலிருந்து வீட்டிலும் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்கிறேன். எதிர் வீட்டு அம்மா தமிழ்ச் சமணர். அவர் தினமும் சாமாயிகம், அதாவது சமணர்களின் தியானம், செய்பவர். சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது எங்களுக்குள் இந்தப் பேச்சு அடிக்கடி வரும்.

என் குழப்பம் இதுதான். தலை முதல் கால் வரை உணர்வுகளைக் கவனித்துக்கொண்டே போகும்போது, சில நாள் எல்லாமே அடங்கிவிடுகிறது. முழங்கால் வலி, அரிப்பு எதுவும் இல்லை. மூச்சு போய் வருவதுகூடச் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் 'தெரிந்துகொண்டிருப்பது' மட்டும் அப்படியே நிற்கிறது. முகாமில் உதவி ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். "அதுவும் அநித்தியம்தான். அதைப் பிடித்துக்கொள்ளாமல் உணர்வுக்குத் திரும்புங்கள்" என்றார். எதிர் வீட்டு அம்மாவோ, "அதுதானே நீ! அதை விட்டுவிட்டு எங்கே போகப் பார்க்கிறாய்? அதிலேயே இரு" என்கிறார்.

இரண்டு பேருமே பல வருடப் பழக்கம் உள்ளவர்கள். இரண்டு பேருமே நிகழ்கணத்தில் இருக்கத்தான் சொல்கிறார்கள். அப்புறம் ஏன் ஒருவர் தங்கு என்கிறார், இன்னொருவர் நகரு என்கிறார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூச்சுவழி

நல்ல கேள்வி, தென்றல். தேரவாதம் என்ற, பாலி நூல்களைப் பின்பற்றும் பௌத்த வழியில் பழகுபவன் என்ற முறையில் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

உதானம் என்ற பாலி நூலில் பாகியர் கதை வருகிறது. சுப்பாரகத் துறைமுகத்தில், அதாவது இன்றைய மும்பைக்கு வடக்கே உள்ள சோபாராவில், மரவுரி உடுத்தி வாழ்ந்த துறவி அவர். மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். தான் அரகந்தர் (முழு விடுதலை பெற்றவர்) நிலையை அடைந்துவிட்டோமோ என்று அவருக்கே ஓர் எண்ணம். இல்லை என்று தெரிந்ததும் புத்தரைத் தேடிச் சாவத்தி வரை போகிறார். புத்தர் அப்போது வீடு வீடாகப் பிச்சை ஏற்றுக்கொண்டிருக்கிறார். "இது நேரமல்ல" என்று புத்தர் இரண்டு முறை சொல்லியும் பாகியர் விடவில்லை. "யார் எப்போது சாவோம் என்று தெரியாது, இப்போதே சொல்லுங்கள்" என்று மூன்றாம் முறையும் கேட்கிறார். நடுத்தெருவில் நின்றபடி புத்தர் சொன்ன உபதேசத்தின் சாரம்: பார்த்ததில் பார்த்தது மட்டும், கேட்டதில் கேட்டது மட்டும், உணர்ந்ததில் உணர்ந்தது மட்டும், அறிந்ததில் அறிந்தது மட்டும். அப்படி இருக்கும்போது நீ 'அதில்' இல்லை. இங்கும் இல்லை, அங்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவிலும் இல்லை. அதுவே துக்கத்தின் முடிவு.

கடைசி வரிகளைப் பாருங்கள். தங்குவதற்கு ஓர் இடம் கேட்டால் மூன்று இடத்தையும் அடைத்துவிடுகிறார். அறிதல் நடக்கிறது. அதற்குள் குடியேற ஆள் இல்லை.

சதிபட்டான சுத்தமும் (சுத்தம் என்றால் பாலியில் புத்தரின் உரை) இதையே வேறு விதமாகச் சொல்கிறது. உடல், உணர்வு, மனம், தம்மங்கள் (மனம் அறியும் பொருள்கள்) என்று கவனிக்க நான்கு நிலைக்களன்கள் உண்டல்லவா? மூன்றாவதில், ஆசை கொண்ட மனத்தை ஆசை கொண்ட மனம் என்றும், ஒருமுகப்பட்ட மனத்தை ஒருமுகப்பட்ட மனம் என்றும் அறிகிறார் என்று வருகிறது. ஆக, உங்களுக்குக் கிடைத்த அமைதியான மனமும் கவனிக்க வேண்டிய பட்டியலில்தான் இருக்கிறது, பட்டியலுக்கு வெளியே நின்று பார்க்கும் சாட்சியாக இல்லை. உதவி ஆசிரியர் உங்களை நகரச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

பொன்னூர்க்காரி

தென்றல், உங்கள் எதிர் வீட்டு அம்மாவின் வார்த்தையைப் படித்ததும் எங்கள் பாட்டி பேசியது போலவே இருந்தது. நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். பொன்னூர் மலையில் சமண ஆசாரியர் குந்தகுந்தர் தவமிருந்தார் என்பது எங்கள் நம்பிக்கை. மேலே அவர் திருவடிகள் இருக்கின்றன.

"அதிலேயே இரு" என்பது அந்த அம்மா தானாகச் சொன்னதல்ல. சமயசாரம் என்ற தம் நூலின் ஆறாவது பாட்டிலேயே குந்தகுந்தர் 'அறிபவன்' என்ற நிலையைப் பற்றிப் பேசுகிறார். அது விழிப்புள்ளதும் அல்ல, விழிப்பற்றதும் அல்ல, வெறும் அறிபவன் என்கிறார். கோபம் வருகிறது, போகிறது. வலி வருகிறது, போகிறது. இவற்றை அறிவது எதுவோ அதுவே ஆன்மா. அறிவதும் காண்பதும்தான் அதன் இயல்பு. பிரவசனசாரம் என்ற இன்னொரு நூலில் இந்த அறிவோட்டத்தை அசுபம், சுபம், சுத்தம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். கெட்டதை நாடும்போது அசுபம். பூசை, தானம், கருணை என்று நல்லதை நாடும்போது சுபம். எதையும் நாடாமல், விருப்பு வெறுப்பு இல்லாமல் தன்னிலேயே நிற்கும்போது சுத்தம். சாமாயிகத்தின் குறி அந்த மூன்றாவதுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் யாரும் நேராகப் போய் உட்கார்ந்து 'அறிபவனாக' இருப்பதில்லை. கிழக்கோ வடக்கோ பார்த்து நிற்போம். கைகள் தொங்க, பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை சொல்வோம். ஒரு மந்திரத்துக்கு மூன்று மூச்சு: அரகந்தருக்கும் வீடுபேறு அடைந்த சித்தருக்குமான வணக்கம் ஒரு மூச்சில், ஆசாரியருக்கும் உபாத்தியாயருக்கும் அடுத்ததில், சாதுக்களுக்கு மூன்றாவதில். மொத்தம் 27 மூச்சு. பிறகு கூப்பிய கையை மூன்று முறை வலமாகச் சுற்றி, தலை தாழ்த்தி ஒரு வணக்கம். இதையே நான்கு திசைக்கும் செய்வோம். அதற்கப்புறம்தான் உட்கார்வது. கொலை, பொய், களவு, காமம், பொருளாசை என்ற ஐந்தையும் இந்த நேரம் முடியும்வரை மனம், சொல், உடல் மூன்றாலும் விட்டேன் என்று உறுதி எடுக்கிறோம். ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். அந்த நேரத்தில் இல்லறத்தான், துணி போர்த்தப்பட்ட முனிவரைப் போல் ஆகிறான் என்று சமண ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகம் என்ற நூலில் சொல்கிறார்.

சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் வெறும் சடங்காகத்தான் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. நான்கு திசையும் வணங்கி முடிக்கும்போது, கடை வாடகை, பிள்ளையின் பரீட்சை எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுகிறது. அந்த உறுதிமொழி இல்லாமல் 'அறிதலில் தங்குகிறேன்' என்று கண்ணை மூடினால், நாம் தங்குவது அன்றைய கவலையில்தான்.

கரும்பாறை

இரண்டு மதங்களும் இதே விஷயத்தில் நேருக்கு நேர் மோதிய இடங்கள் பாலி நூல்களில் இருக்கின்றன. அதைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

மச்சிம நிகாயம் என்ற பாலித் தொகுப்பின் 14வது சுத்தத்தில், ராஜகிருகத்தில் இசிகிலி மலைச்சரிவில் உள்ள கரும்பாறையில், உட்கார மறுத்து நின்றபடியே கடும் வேதனையைத் தாங்கிக்கொண்டிருந்த நிகண்டர்களை, அதாவது சமணத் துறவிகளை, புத்தர் சந்திக்கிறார். பழைய வினையைத் தவத்தால் தீர்க்கிறோம், புது வினை சேராமல் அடக்கத்தால் தடுக்கிறோம் என்கிறார்கள். எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு பாக்கி என்று உங்களுக்குத் தெரியுமா என்று புத்தர் கேட்கிறார். பிறகு, தன்னால் உடலை அசைக்காமல், பேசாமல், ஏழு இரவு பகல் முழுக்க இன்பத்தை மட்டும் அனுபவித்தபடி இருக்க முடியும் என்கிறார்.

சம்யுத்த நிகாயத்தில் (41.8) இன்னும் நெருக்கமான ஒன்று. சித்தர் என்ற பெயருள்ள பௌத்த இல்லறத்தாரிடம் நிகண்ட நாதபுத்தர், அதாவது மகாவீரர், கேட்கிறார்: எண்ணமும் ஆராய்தலும் நின்றுபோன சமாதி உண்டு என்று உன் குரு சொல்வதை நம்புகிறாயா? "இதில் நான் நம்பிக்கையால் போகவில்லை" என்கிறார் சித்தர். மகாவீரர் மகிழ்ந்து, எண்ணத்தை நிறுத்தலாம் என்பவன் காற்றை வலையில் பிடிக்கலாம், கங்கையைக் கைப்பிடியால் தடுக்கலாம் என்பவனுக்குச் சமம் என்கிறார். சித்தரோ, "நானே அந்தத் தியானங்களில் விரும்பும்போது இருக்கிறேன். எனக்கு எதற்கு நம்பிக்கை?" என்று முடிக்கிறார்.

ஆக, எண்ணம் அடங்கிய விழிப்பு சாத்தியமா என்பதிலேயே இருவரும் ஒத்துப்போகவில்லை.

பொன்னூர்க்காரி

கரும்பாறை, அது பௌத்தர்கள் எழுதி வைத்த உரையாடல். அதில் மகாவீரர் தோற்பது இயல்புதான். ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன்.

எங்கள் தத்துவார்த்த சூத்திரம் என்ற நூலில் தியானம் நான்கு வகை: ஆர்த்தம், ரௌத்திரம், தர்மியம் (அறத்தில் ஊன்றுவது), சுக்கிலம் (தூய தியானம்). உயர்ந்ததான சுக்கிலத்துக்குள்ளும் நான்கு படிகள். முதல் படியில் சிந்தனை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். இரண்டாம் படியில் நகர்வு நிற்கும், ஆனால் ஒரே பொருளில் ஊன்றிய சிந்தனை இருக்கும். அதற்கு மேலுள்ள இரண்டும் கேவல ஞானம் (முழுமையான அறிவு) பெற்றவர்களுக்கு மட்டும். அதாவது, எண்ணமே இல்லாத நிலை நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபமாக வாய்க்கும் என்று எங்கள் ஆசாரியர்கள் சொல்லவில்லை. தியானத்துக்கு அவர்கள் வைத்த உச்ச வரம்பே ஒரு முகூர்த்தத்துக்கு உட்பட்ட நேரம்தான். அதுவும் மிக உறுதியான உடற்கட்டு உள்ளவருக்கு.

முதல் இரண்டு வகைகளையும் கவனியுங்கள். வலியையும் இழப்பையும் விடாமல் நினைப்பது ஆர்த்தம். கொடுமையில் மனம் ஊன்றுவது ரௌத்திரம். இரண்டுக்கும் 'தியானம்' என்றுதான் பெயர். வில்லை நாண் ஏற்றி மானைக் குறிபார்க்கும் வேடன் முழுக்க முழுக்க அந்தக் கணத்தில்தான் இருக்கிறான். நிகழ்கணத்தில் இருப்பது மட்டுமே நல்லது என்று இப்போது கடைக்குக் கடை விற்கிறார்களே, அதை எங்கள் மரபு ஏற்காது.

மூச்சுவழி

இதில் நானும் உங்களோடுதான். பௌத்தத்திலும் நற்கடைப்பிடி (சரியான விழிப்பு) இருப்பதுபோல் தவறான கடைப்பிடியும் உண்டு. மச்சிம நிகாயம் 117இல் பெயர் சொல்லியே வருகிறது. பத்து நாள் முகாமிலும் முதல் வேலை ஐந்து சீலம் (ஒழுக்க உறுதிமொழி) எடுப்பதுதானே? மூச்சைப் பார்ப்பது அதற்கப்புறம். நான்காம் நாள்தான் விபாசனா.

பனிமலை_நேசன்

நான் சில காலம் திபெத்திய பௌத்தர்கள் வாழும் தர்மசாலாவில் இருந்தவன். பௌத்தம் என்றால் எப்போதும் 'நகரு' என்றுதான் சொல்லும் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மகாமுத்திரை என்ற திபெத்திய பௌத்தத் தியான மரபில் திலோபர் தம் சீடர் நாரோபருக்குச் சொன்னதாக ஆறு அறிவுரைகள் உண்டு. போனதை நினைவுகூராதே. வரப்போவதைக் கற்பனை செய்யாதே. இப்போது நடப்பதைப் பற்றி எண்ணாதே. ஆராயாதே. எதையும் உண்டாக்கவோ அடக்கவோ முயலாதே. தளர்ந்து, இயல்பாக இரு. இதைவிடத் தெளிவாகத் தங்கச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே தங்கும் விழிப்பைத் தேடிப் பார்க்கவும் சொல்கிறார்கள். அதற்கு நிறம் உண்டா, வடிவம் உண்டா, உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று ஆசிரியர் கேட்டுக் கேட்டு மாணவனைத் தேடவிடுவார். எதுவும் அகப்படாது, ஆனாலும் தெளிவு இருக்கும். அந்த அகப்படாமையில்தான் ஓய்வு.

'சும்மா இருந்தால் போதுமா' என்பது திபெத்திலேயே பெரிய வழக்காக நடந்திருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், திரிசோங் தேத்சென் மன்னர் காலத்தில், சம்யே மடத்தில் சீனத் துறவி மோகேயனும் இந்தியாவிலிருந்து போன கமலசீலரும் வாதிட்டார்கள். நல்ல எண்ணமோ கெட்ட எண்ணமோ, எல்லா எண்ணமும் மேகம்தான், விட்டுவிட்டால் போதும் என்பது மோகேயன் தரப்பு. ஆராயாமல் எண்ணத்தை மட்டும் நிறுத்தினால் அறியாமை அப்படியே கிடக்கும், கருணையும் ஒழுக்கமும் படிப்படியாக வளர வேண்டும் என்பது கமலசீலர் தரப்பு. திபெத்திய வரலாறுகள் கமலசீலர் வென்றதாகச் சொல்கின்றன. சீனாவின் துன்ஹுவாங்கில் கிடைத்த சீனப் பிரதியோ மோகேயன் வென்றதாகச் சொல்கிறது. என் மனம் கமலசீலர் பக்கம்தான். கண் மூடியிருக்கும்போது அமைதியாக இருந்து, எழுந்து வந்ததும் வீட்டில் எரிந்து விழுபவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சவுகார்பேட்டை_வாசி

சமணத்தின் சுவேதாம்பரப் பிரிவில் தேராபந்த் என்ற கிளையின் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. எங்கள் பிரேக்ஷா தியானத்துக்கு 1975இல் வடிவம் கொடுத்தவர் ஆசாரிய மகாபிரக்ஞர். உடலைத் தளர்த்தும் காயோத்சர்க்கம், மூச்சைப் பார்த்தல், உடலைப் பார்த்தல் என்று போகும் அதன் அங்கங்களில் 'நிகழ்கணத்தைப் பார்த்தல்' என்பதும் தனி அங்கமாகவே இருக்கிறது. தசவைகாலிக சூத்திரத்தில் வரும் 'ஆன்மாவால் ஆன்மாவைப் பார்' என்ற சொற்றொடர்தான் இதற்கு அடிப்படை. ஆசாராங்கம் என்ற ஆகமத்தில் 'அறிவுடையவனே, கணத்தை அறி' என்று மகாவீரர் வாக்காக வருகிறது.

பயிற்சியாக மட்டும் பார்த்தால் விபாசனாவுக்கு ரொம்ப நெருக்கம். கணக்குத்தான் வேறு. போனதை நினைத்தால் பற்று வருகிறது, வரப்போவதை நினைத்தால் ஆசையோ பயமோ வருகிறது. வினை என்பது எங்களுக்கு நுண்ணிய பொருள். பற்றும் வெறுப்பும் இருக்கும்போது அது ஆன்மாவில் ஒட்டுகிறது. நிகழ்கணத்தில் அவை இரண்டும் இல்லாமல் நிற்கும் அளவுக்குப் புதிதாக ஒட்டுவது நிற்கிறது. அதைத்தான் சம்வரம் என்கிறோம். பழையது உதிர்வது நிர்ஜரை. தவத்தின் பன்னிரண்டு வகைகளில் அகத்தவமாக எண்ணப்படும் ஆறில் தியானம் ஒன்று.

தென்றல்77

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ஒன்று கேட்க விட்டுப்போனது. அந்த அடங்கிய நிலை வரும்போது சில நாள் நேரம் போனதே தெரியவில்லை. மணி அடித்ததும்தான் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று தெரிகிறது. சுகமாக இருக்கிறது. இதுதான் நீங்கள் சொல்லும் 'தங்குவது' என்பதா?

மூச்சுவழி

பெரும்பாலும் இல்லை. அது மந்தம். பாலியில் தீனமித்தம் என்று ஐந்து தடைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். சுகமாக இருப்பதால் அடையாளம் தெரிவதில்லை. வெளியே குக்கர் விசில் அடிக்கும்போது பாருங்கள். சத்தம் கேட்டதும், அதற்கு மனம் லேசாகச் சுருங்கியதும் இரண்டும் அப்போதே தெரிந்தால் விழிப்பு இருக்கிறது. விசில் அடித்ததே பிறகுதான் நினைவுக்கு வந்தால் அது மந்தம். அப்போது மூச்சுக்குத் திரும்புங்கள், மேலுதட்டில் காற்று படும் இடத்துக்கு. முதல் மூன்று நாள் சொல்லிக்கொடுத்தது இதற்குத்தான். புத்தர் கடைசியாகச் சொன்ன வார்த்தையே, தோன்றியவை எல்லாம் அழியும், விழிப்போடு முயலுங்கள் என்பதுதான்.

பொன்னூர்க்காரி

இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. உத்தராத்தியயனத்தின் பத்தாவது அத்தியாயம் முழுக்க மகாவீரர் தன் முதல் சீடர் கௌதமரிடம், "கௌதமா, ஒரு சமயம்கூட அயர்ந்துவிடாதே" என்று பாட்டுக்குப் பாட்டு சொல்கிறார். அது சுவேதாம்பரர் ஆகமம்தான், நாங்கள் திகம்பரர், ஆனாலும் எங்கள் வீட்டிலும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். சமயம் என்பது காலத்தின் மிகச் சிறிய அளவு. ஒரு கண் இமைப்பில் எண்ணற்ற சமயங்கள். அவ்வளவு சிறிய இடைவெளியிலும் அயரக்கூடாது.

கரும்பாறை

அயராமை வரை ஒன்றாகப் போகிறீர்கள். ஆனால் தென்றலின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த அறிதல் ஆன்மாவா, இல்லையா?

மூச்சுவழி

என் மரபின் பதில்: இல்லை. சம்யுத்தம் 12.61இல் புத்தர் சொல்வது ஆச்சரியமாக இருக்கும். 'நான்' என்று எதையாவது பிடித்தே தீருவேன் என்றால், மனத்தைவிட உடலைப் பிடிப்பது மேல் என்கிறார். உடலாவது ஒரு வருடம், பத்து வருடம், நூறு வருடம் நிற்பதாகத் தெரிகிறது. மனம், அறிவு என்பதோ இரவும் பகலும் ஒன்றாய்த் தோன்றி வேறொன்றாய் மறைகிறது. தென்றலுக்கு 'அப்படியே நிற்கிறது' என்று தோன்றும் அறிதல், மிக விரைவாகத் தோன்றி மறைவதால்தான் நிற்பதுபோல் இருக்கிறது என்பது எங்கள் புரிதல்.

பொன்னூர்க்காரி

தோன்றி மறைவதை நாங்கள் மறுக்கவில்லை. தோற்றம், அழிவு, நிலைப்பு மூன்றும் சேர்ந்ததே உண்மைப் பொருள் என்று தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாம் அத்தியாயத்தில் சொல்கிறது. அறிவின் நிலைகள் கணந்தோறும் மாறுகின்றன. மாறுவதற்கு ஒரு பொருள் வேண்டுமே? மூச்சுவழி முதல் இரண்டைப் பார்த்து அங்கேயே நிற்கிறார். நாங்கள் மூன்றாவதையும் சேர்த்துப் பார்க்கிறோம். இது 2,500 வருட வாதம். ஆன்மா உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்காக அவர் உட்காருவது வீண் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன்.

மூச்சுவழி

நானும் அப்படித்தான்.

தென்றல், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரே அமர்வில் இரண்டையும் கலக்காதீர்கள். அறிதலை 'இதுவும் போகும்' என்று பார்ப்பதும், 'இதுவே நான்' என்று நிற்பதும் எதிரெதிர்த் திசைகள். பாதி நேரம் அது, பாதி நேரம் இது என்றால் இரண்டிலும் ஆழம் வராது. எதை எடுத்தாலும் ஆசிரியர் ஒருவரிடம் தொடர்ந்து கேட்டுச் செய்யுங்கள்.

தென்றல்77

சரி. இழை முழுவதையும் எதிர் வீட்டு அம்மாவுக்கு நேற்று வாசித்துக் காட்டினேன். குக்கர் விசில் சோதனை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காலையில் விபாசனாவையே தொடரப்போகிறேன், அறிதலையும் கவனிக்கப்படும் ஒன்றாகவே வைத்துக்கொண்டு. ஆனால் பொன்னூர்க்காரி அக்கா சொன்ன உறுதிமொழி மனதிலேயே நிற்கிறது. சமணர் அல்லாத ஒருவர் உட்காருவதற்கு முன் அதை எடுத்துக்கொள்ளலாமா?

பொன்னூர்க்காரி

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் தங்கச்சி. ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், எவ்வளவு நேரத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன நேரம் முடியும் முன் எழாதீர்கள். அன்று யாரிடமாவது சண்டை போட்டிருந்தால், முதலில் அவரிடம் மனதால் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்காருங்கள். எதிர் வீட்டு அம்மாவிடம் கேட்டால் மந்திரத்தை மூன்று மூச்சுக்குப் பிரித்துச் சொல்லும் விதத்தையும் காட்டிக்கொடுப்பார்.